தனிவழிக்கு யார் துணை?

எங்கள் ஊரில் ஒருவன் தனியாக நடந்து போவதைக் கண்டால், "எங்க, தனியாவா?" என்று கேட்பார்கள். எங்கே என்பதற்குப் பதில் சொல்வது எளிது. கடைக்கு, பள்ளிக்கு, டிஸ்பென்சரிக்கு. தனியாகவா என்பதற்குத்தான் பதில் இல்லை. கல்யாணத்துக்கும் ஜனாஸாவுக்கும் கூட்டமாகவே போய்ப் பழகிய சமூகம் எங்களுடையது. தனியே போகிறவனுக்கு ஒன்றில் மனத்தாங்கல் இருக்க வேண்டும், அல்லது கடன் தொல்லை இருக்க வேண்டும். ஒரு காரியமும் இல்லாமல் ஒருவன் மலையில் நாள் முழுக்க நடக்கப் போகிறான் என்றால், அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

ஆகவே 2024 ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பெருநாள் கழிந்து இரண்டு கிழமை ஆகியிருந்த வேளையில், சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டபோது மனைவியிடம் "கண்டிக்குப் போய்ட்டு வாறன்" என்று மட்டும் சொன்னேன். கலஹாவுக்குப் போகும் பஸ் கண்டியிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே நான் சொன்னது பொய்யல்ல என்று பஸ்ஸில் இருந்தபடி எனக்கே ஒரு பத்வா கொடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பத்வா பிழைத்த கதை.

நான் நடக்கப் போன வழியைப் பீக்கோ ட்ரெயில் என்கிறார்கள். பீக்கோ என்பது தேயிலைத் தூளின் தரங்களைக் குறிக்கும் பெயர்களில் ஒன்று. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, தோட்டங்களையும் காடுகளையும் ஊடறுத்து, சுற்றி வளைத்து, நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீற்றருக்கும் அதிகமான மலைப்பாதை. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டவர் பலர் கட்டம் கட்டமாக நடக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்பது ஓரளவு கால்பலம் உள்ளவனுக்கு இயலக்கூடிய காரியம். முதற் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா வரை. இரண்டாவது கலஹாவிலிருந்து லூல்கந்துர வரை. நான் தெரிவுசெய்தது இரண்டாவதை.

அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் முதன்முதலாக வணிகத்துக்கென்று தேயிலை நட்ட இடம் லூல்கந்துர. இது எல்லாருக்கும் தெரிந்த காரணம். மற்றது நம்மவருக்கு மட்டும் விளங்கக்கூடியது. அந்தப் பக்கத்துத் தெல்தோட்டை, போப்பிட்டிய மண்ணில்தான் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் 1866 இல் பிறந்தார். ஒரே மலைப்புறத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரு புலவரும் ஒரு பயிரும். பயிருக்கு நூதனசாலை உண்டு. புலவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பது வேறொரு கட்டுரைக்கான விடயம். அதை இங்கு இழுக்கவில்லை.

இந்தப் பாதை நடைப்பிரியர்களுக்காகப் புதிதாக வெட்டப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரையும் வண்டியும் போவதற்கென்று தோட்டங்களுக்குள் வெட்டிய பழைய வழிகளையே தொடுத்து ஒரு பாதையாக்கியிருக்கிறார்கள். அவற்றை வெட்டிய கைகள், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்களுடையவை. நமது நாட்டின் மிக நீண்ட, மிகக் கொடிய நடைப்பாதை அதுதான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் அங்கேயே விடப்பட்டார்கள். அந்தப் பாதைக்குக் கட்டமும் இல்லை, வழிகாட்டிப் பலகையும் இல்லை.

ஆனால் அன்று காலையில் இதொன்றும் என் நெஞ்சில் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கலஹாக் கடைத்தெருவைத் தாண்டி முதல் ஏற்றத்தில் ஏறியபோது என் நெஞ்சில் இருந்தவர் எங்கள் அதிபர். நேரசூசியில் எனக்கு எட்டாம் பாடவேளையைத் தொடர்ந்து போடுகிறாரே என்று அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நடந்தேன். எல்லா வாதத்திலும் நானே வென்றேன். பிறகு ஏற்றம் கடுமையானது. மூச்சு வாங்க, அதிபர் தானாகவே விலகிப் போனார். சவுக்கு மரங்களுக்கிடையே மூடுபனி கீழிருந்து மேலே ஏறி வந்தது. கற்கள் பதித்த கான் ஒன்று பாதையோடு கூடவே தண்ணீர்ச் சத்தத்துடன் வந்தது. மானாப் புல் முழங்கால் வரை நனைத்தது. காலில் சவர்க்காரம் பூசியிருந்தும் நாலைந்து அட்டைகள் ஏறிவிட்டன.

இருபது வருடங்களுக்கு மேலாக மணியடித்தால் எழுந்து மணியடித்தால் இருந்து பழகிய உடம்பு என்னுடையது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒருவரும் என்னைச் சேர் என்று கூப்பிடவில்லை. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் நாக்கு ஓய்ந்தது, பிறகு மனம் ஓய்ந்தது. தனியே நடப்பதன் இன்பத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பின்னால் நடந்ததை வைத்து அந்தக் காலையை நான் மறுக்க மாட்டேன். கூட்டத்தில் இருந்துகொண்டு தன்னைப் பார்க்க எவராலும் முடியாது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பதினொரு மணியிருக்கும். முதல் நாள் பின்னேரம் இடிமழை பெய்திருந்தது. பாதை கானைக் கடக்கும் இடத்தில் பாசி பிடித்த கல்லொன்றில் காலை வைத்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கணுக்கால் உள்ளே மடிந்து, கானுக்குள் இடுப்பு வரை விழுந்து கிடந்தேன். எழுந்து நிற்கப் பார்த்தபோது கண் இருண்டது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. இருந்தாலும் யாருக்கு என்ன சொல்வது? நான் கண்டியில் அல்லவா இருந்தேன்!

ஒன்றரை மணித்தியாலம் அந்தக் கானோரத்தில் இருந்தேன். அந்த நேரத்தில் மனிதன் பெரிய பெரிய விடயங்களை நினைப்பான் என்று கதைகளில் எழுதுகிறோம். நான் நினைத்தது, என்னைத் தேட வேண்டி வந்தால் அவர்கள் எங்கே தேடுவார்கள் என்பதைத்தான். மச்சான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவான். மகன் பஸ் தரிப்பிடத்தில் நிற்பான். மனைவி என் நண்பர்களுக்குத் தொலைபேசியெடுப்பாள். அவர்கள் ஒவ்வொருவரும் பிழையான இடத்தில் தேடுவார்கள், நான் சொன்ன ஒரு சொல்லினால். கால் வலியைவிட அதுதான் வலித்தது.

பிறகு மேல்மலையிலிருந்து கொழுந்து நிறுக்க இறங்கி வந்த ஓர் அம்மா என்னைக் கண்டார். வயது ஐம்பதுக்கு மேல். இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்துச் சாக்கு. என் தொப்பியையும் தாடியையும் கண்டு வியாபாரி என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்னாங்க மொதலாளி, இங்கன ஒக்காந்திருக்கீங்க? வழுக்கிருச்சா? இந்த எடம் அப்புடித்தான். புள்ளைங்களும் விழுகும்."

நான் காலைக் காட்டினேன்.

"கூட ஆள் இல்லியா?"

"இல்லம்மா."

"யாவாரத்துக்கா வந்தீங்க?"

"சும்மா நடக்க வந்தன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள முயன்று, அதற்கு இது நேரமில்லை என்று விட்டுவிட்ட பார்வை. சாக்கை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு மறுபடி மேலே ஏறிப் போனார். கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆண்களுடன் திரும்பி வந்தார். அவர்கள் இருவரும் என் கைகளைத் தங்கள் தோள்களில் போட்டுக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் பக்கவாட்டாக நடந்து, என்னை லயத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. தேத்தண்ணி தந்தார்கள். எண்ணெய் சூடாக்கித் துணி கட்டினார்கள். கழுவிய சாக்கொன்றை விரித்து, "தொழுகுறதுன்னா தொழுதுக்கங்க" என்று அந்த அம்மா சொன்னார். இருந்தபடி லுஹரைத் தொழுதேன். முச்சக்கர வண்டி வருவதற்கு மூன்று மணியாயிற்று.

அதற்குள் ஒரு விடயம் என் காதில் விழுந்தது. பகல் நிறுவைக்கு அவர் போய்ச் சேரவில்லை. சாக்குப் பாதையோரத்தில் கிடந்தது. அன்றைய கொழுந்து குறிக்கப்பட்ட கிலோவை எட்டாது. ஆகவே அவருக்கு அன்று அரைப்பேர். முழுப்பேருக்கு அந்த நாட்களில் அடிப்படைச் சம்பளம் 1000 ரூபா. (நான் போய்வந்த சில நாட்களில் மே தின மேடையில் 1700 என்று அறிவித்தார்கள். அது வழக்காகி இழுபட்டு, கடைசியில் செப்டெம்பரில் 1350 ஆக வந்து நின்றது.) நான் ஆயிரம் ரூபாத் தாளொன்றை எடுத்து நீட்டினேன். அவர் மறுப்பார், நான் வற்புறுத்துவேன், கடைசியில் பிள்ளைகளுக்கென்று வாங்கிக்கொள்வார் என்ற நாடகம் என் மனதில் தயாராக இருந்தது. அவர் தாளை வாங்கி, ஒரு சிறுவனைக் கடைக்கு அனுப்பி மாற்றி எடுப்பித்து, ஐந்நூறு ரூபாவை என் கையில் திருப்பித் தந்தார்.

"அர நாள்தான போச்சு" என்றார்.

அந்த இரண்டு ஆண்களுக்கு? கங்காணி தங்களுக்குப் பேர் போட்டுவிடுவார் என்று சொல்லி அவர்கள் ஒன்றும் வாங்கவில்லை. கங்காணி போட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

இந்தச் சம்பவத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கவிஞர், வாதத்தில் விண்ணர். அவர் சொன்னது இது: "உன் கால், உன் உயிர், உன் விருப்பம். விழுந்தால் விழுவேன் என்று தெரிந்துதான் போனாய். அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்தது, உதவினார். அது அவருடைய விருப்பம். அதற்கு நீ எப்படிக் கடனாளியாவாய்? அப்படிப் பார்த்தால் ஒருவனும் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. கடலுக்குப் போகும் மீனவனும் கிணறு வெட்டுகிறவனும் ஊரைக் கேட்டுக்கொண்டா போகிறார்கள்?"

இந்த வாதத்தை நான் பல நாட்கள் சுமந்து திரிந்தேன். அதன் இரண்டாம் பாதி வலுவானது. ஆனால் முதற் பாதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. வழியில் ஒருவன் காலொடிந்து கிடப்பதைக் கண்ட பிறகு அந்த அம்மாவுக்கு விருப்பம் என்று ஒன்று எங்கே இருந்தது? விட்டுவிட்டுப் போவது அவரால் முடியாத காரியம். அவர் அப்படிப்பட்ட மனுஷி. ஆக, விழுந்து கிடக்கிறவன் வாய் திறக்காமலே பிறருக்குக் கட்டளையிடுகிறான். நல்லவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்டளை செல்லுபடியாகும் என்பது இதில் இன்னும் மோசமான அம்சம். கெட்டவன் தாண்டிப் போய்விடுவான். நல்லவரின் அரைப்பேர் போய்விடும்.

மீனவன் விடயம் வேறு. அவன் போகாவிட்டால் அடுப்பெரியாது. அவன் போகும் இடமும் நேரமும் கரைக்குத் தெரியும். வள்ளம் வராவிட்டால் எந்தத் திசையில் தேடுவது என்று மற்ற வள்ளங்களுக்குத் தெரியும். அவன் கடலில் தனியாக இருக்கலாம், மறைவாக இல்லை. தனிமை வேறு, மறைவு வேறு. நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனேன். தனிமை எனக்குத் தேவைப்பட்டது. மறைவு என் வெட்கத்தினால் வந்தது. 'எங்க, தனியாவா?' என்ற கேள்விக்கு முகம் கொடுக்க முடியாத வெட்கம். அதற்கான விலையைத்தான் மற்றவர்கள் கொடுத்தார்கள்.

தனிமையின் பெரியவர்கள் என்று நாம் சொல்பவர்களை இதன் பிறகு வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ரூசோ என்றால் 'எமில்'. குழந்தைக் கல்வியைப் பற்றி எழுதியவர், தன் பிள்ளைகளை அநாதை விடுதியில் சேர்த்தவர் என்ற இரண்டு வசனங்களோடு அவரை முடித்துவிடுவோம். கடைசிக் காலத்தில் தனியே நடப்பதைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். 1778 இல் இறந்தபோது அது முடிந்திருக்கவில்லை. உலகமே தன்னைக் கைவிட்டது, இனி நான் ஒற்றை ஆள் என்ற மனநிலையில் எழுதிய நூல். அதிலேயே ஒரு சம்பவம் வருகிறது. 1776 ஒக்டோபரில் பாரிஸுக்கு அருகே மெனில்மொந்தான் மேட்டிலிருந்து நடந்து இறங்கும்போது, ஒரு வண்டிக்கு முன்னால் பாய்ந்து வந்த பெரிய நாய் அவரை மோதி வீழ்த்துகிறது. நினைவு திரும்பும்போது மூன்று நான்கு இளைஞர்கள் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்த நூலை வாசிப்பவர்கள் நினைவு திரும்பிய கணத்தின் வர்ணனையைப் புகழ்வார்கள். நியாயந்தான். எனக்கு இப்போது கண்ணில் நிற்பது அந்த இளைஞர்களின் கைகள். அவர்களுக்கு அன்று என்ன வேலை கெட்டதோ.

இப்னு பதூதாவை நாம் தனிப்பயணி என்போம். 1325 இல் தன் 21 ஆவது வயதில் தாஞ்சியரிலிருந்து துணையின்றிப் புறப்பட்டவர்தான். தூனிஸில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்ல, தனக்குச் சொல்ல ஆளில்லையே என்று அழுததையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். ஆனால் 1344 இல் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலைக்கு ஏறியபோது அவர் தனியனல்ல. ஆரியச் சக்கரவர்த்தி அவருடன் யோகிகளையும் பிராமணர்களையும் துணையாட்களையும், உணவு சுமக்க மட்டும் பதினைந்து பேரையும் அனுப்பினார். எல்லாமாக முப்பது பேருக்கு மேல். மலையேறியவரின் பெயர் நமக்குத் தெரியும். அரிசி சுமந்த பதினைந்து பேரில் ஒருவருடைய பெயரும் தெரியாது.

இன்னும் உயர்ந்த ஓர் உதாரணத்தை மிகுந்த பயபக்தியோடு சொல்கிறேன். ஹிராக் குகையின் தனிமையைப் பற்றி நாம் எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு போவார்கள், முடிந்ததும் கதீஜா நாயகியிடம் திரும்பி வந்து மீண்டும் எடுத்துப் போவார்கள் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. எங்கே போகிறார்கள் என்பது வீட்டில் தெரிந்திருந்தது. இரவில் தனியே பிரயாணம் செய்வதை விரும்பாத நபிமொழியும் புகாரியில் உண்டு. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், தனிமை மறுக்கப்படவில்லை, துணையறுந்த தனிமைதான் விரும்பப்படவில்லை என்று எனக்குப் படுகிறது. நான் ஆலிம் அல்ல. பிழையிருந்தால் அறிந்தவர்கள் திருத்தலாம்.

கற்பனையில்கூட முழுத் தனியனைப் படைக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூஸியாவில் இப்னு துஃபைல் எழுதிய ஹை இப்னு யக்ழான் கதை, ஆளில்லாத் தீவில் தன்னந்தனியே வளர்ந்து தன் அறிவால் இறைவனை உணர்ந்தவனின் கதை. அவனுக்கும் முதலில் பால் கொடுத்து வளர்க்க ஒரு மான் தேவைப்பட்டது.

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதி.

எங்கள் பாடசாலைக்கு மேலே இரண்டு தோட்டப் பிரிவுகள் உண்டு. அங்கிருந்து பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். மழை நாட்களில் முதற் பாடவேளை முடிந்த பிறகே வந்து சேர்வார்கள். பிந்தி வருகிறவர்களை நான் பத்து நிமிடம் விறாந்தையில் நிற்கவைப்பேன். அடிப்பதில்லை. அடிப்பதில்லை என்பதனால் என்னை நல்ல ஆசிரியன் என்று நினைத்திருந்தேன். இடாப்பில் சிவப்பு மையால் குறித்துக்கொள்வேன். ஒன்பதாம் ஆண்டில் ஒரு பிள்ளை இருந்தாள். கிழமையில் மூன்று நாளாவது விறாந்தையில் நிற்பாள். சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்பாள். சப்பாத்து நனைந்திருப்பதனால் என்று நான் நினைத்தேன். வழியில் நனையாமலிருக்கக் கழற்றிக் கையில் கொண்டு வருகிறாள் என்பது கானில் விழுந்து கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "புள்ளைங்களும் விழுகும்" என்று அந்த அம்மா சர்வசாதாரணமாகச் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை ஒரு நாளாவது வழியில் விழுந்தாளா என்று நான் கேட்டதே இல்லை. க.பொ.த. சாதாரண தரத்துக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள்.

அவளும் தனியாகத்தான் நடந்தாள், அதே மாதிரியான பாதையில், அதைவிட மோசமான மழையில். அவளை ஒருவரும் நடைப்பிரியர் என்று சொல்வதில்லை. எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் பாதையின் கடுமையில் இல்லை. நான் விரும்பியிருந்தால் கலஹாவிலேயே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். எனக்கு அது பாதை. அவளுக்கு அது பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடந்த தொல்லை. விறாந்தையில் நிறுத்தும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அது அவளுக்கு உதவப்போவதில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலுக்குப் பத்துப் போட்டபடி மனைவி கேட்டாள்: "சொல்லிட்டுப் போனா நான் வேணாண்டா சொல்லப் போறன்?"

பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் அப்பிடித் தனியாப் போறண்டு வெளிக்கிட்டா நீங்க விடுவீங்களா?" என்றாள்.

அதற்கும் பதில் சொல்லவில்லை. இரண்டு மௌனமும் ஒன்றல்ல. நண்பரின் வாதத்தில் 'ஒருவன்' என்று வந்த இடங்களையெல்லாம் 'ஒருத்தி' என்று மாற்றிப் பார்த்தேன். வாதம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதை நண்பரும் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். நம் சமூகத்தில் தனிமையும் ஆண்கள் பங்குபோட்டு எடுத்துக்கொண்ட ஒரு சொத்துத்தான்.

ஓகஸ்டில் கால் சுகமான பிறகு, வாடகை வாகனமொன்றில் இருவருமாக லூல்கந்துரவுக்குப் போனோம். டெய்லர் இருந்து பார்த்ததாகச் சொல்லும் கல்லாசனம் அங்கே மலைமுகட்டில் இருக்கிறது. பதினாறு பதினேழு வயதில், 1852 இல் வந்த மனிதர். கல்யாணம் முடிக்கவில்லை. நாற்பது வருடம் அந்த மலையிலேயே இருந்தார். அந்தக் கல்லில் தனியே இருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் டெய்லரைத்தான் எல்லோரும் மனதில் வரைந்துகொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய கடைசிப் பயணம். 1892 மே மாதம் வயிற்றுளைச்சலில் இறந்தார். மிகவும் பருத்த உடம்பு. இருபத்துநான்கு தொழிலாளிகள் இரண்டு அணியாக முறை மாற்றி, அங்கிருந்து கண்டி மஹியாவ மையவாடி வரை தோளில் சுமந்து வந்தார்கள் என்பர். தனியே வாழ்ந்தவருக்கும் கடைசியில் இருபத்துநான்கு தோள்கள்.

இதை நான் விரிவுரை போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க வேனடிக்குப் போங்க. நான் கொஞ்சம் தனிய இருந்துட்டு வாறன்" என்றாள்.

நான் கீழே இறங்கி வந்து வாகனத்தோடு நின்றேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடத்தில் மேலே பார்த்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. கல்லும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை. பாறை வழுக்குமே என்ற நினைவு வந்தது. கூப்பிட வாயெடுத்து, வேண்டாம் என்று நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். சாரதி என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தைந்து நிமிடம் கழித்து அவள் இறங்கி வந்தாள். எங்கே என்று தெரிந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கே என் நிலை அதுவென்றால்! என்ன யோசித்தாய் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல" என்றாள். அந்த 'ஒண்டுமில்ல' எனக்கு நன்றாகத் தெரிந்த ஒண்டுமில்லைதான். மேற்கொண்டு கேட்கவில்லை.

விட்ட இடத்திலிருந்து மீதியை நடந்து முடிக்க வேண்டும், இம்முறை சொல்லிவிட்டு, அந்த லயத்துக்கும் போய்விட்டு, என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன். பரீட்சை, மௌலூது, மழை என்று தள்ளிப்போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. மலைநாடு முழுக்க மண்சரிவு. கண்டி மாவட்டமும் தப்பவில்லை. மின்சாரமில்லை, பாதைகளில்லை. அன்று என்னைத் தாங்கி வந்த இருவரில் இளையவரின் இலக்கம் என்னிடம் இருந்தது. ஆறு நாள் தொடர்ந்து எடுத்தேன். ஏழாம் நாள் பதில் வந்தது.

லயத்துக்குப் பின்னால் மேடு வெடித்திருக்கிறதாம். எல்லோரும் தோட்டப் பாடசாலைக் கட்டடத்தில் இருக்கிறார்களாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றார். பாதையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க நாவெழவில்லை. அவரே சொன்னார், நீங்கள் விழுந்த கான் இப்போது இல்லை, அந்த இடமே கீழே போய்விட்டது என்று. பிறகு, பக்கத்தில் அந்த அம்மா இருக்கிறார், பேசுங்கள் என்று கொடுத்தார்.

என்ன கேட்பது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"மொதலாளி, கால் நல்லாயிருச்சா?"